ராகு காலமும் பதினாலாம் காற்றாலையும்

ராகு காலம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் பதினேழு நிமிடம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் படியேற அதுவரை காத்திருக்க வேண்டும்.

அதை முடிவு செய்தது வேன். ஓட்டுநர் இல்லாத அந்த வெள்ளை வேனில் ‘ராகு காலம் தவிர்க்கவும்’ என்ற விருப்பத்தை யாரோ தொட்டு வைத்திருந்தார்கள். அதனால் ஊதுபாறைக் கணவாயின் பார்வை மேட்டில் அது தானாக ஒதுங்கி நின்றது. “அருகில் காணத் தகுந்தவை: காற்றாலைகள், தேநீர், கழிப்பறை” என்று அறிவித்துவிட்டுக் கதவையும் திறந்துவிட்டது. பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தை இருக்கையிலேயே விட்டுவிட்டு மூன்று பேர் இறங்கினார்கள்.

பெண் அந்த நேரம் பட்டுப்புடவையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் அந்த மேட்டிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி, கட்டுப்பாட்டு அறையில், கிரீஸ் கறை படிந்த நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். முழுப் பெயர் பிரமநாயகி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் காற்று பாதியைக் கொண்டுபோய்விடும் என்பதால் மலையில் எல்லோருக்கும் அவள் பிரமு. அந்தக் கணவாயில் இருந்த இருபத்திரண்டு காற்றாலைகளுக்கும் அவள்தான் ஞாயிற்றுக்கிழமைப் பொறியாளர்.

அம்மா போனில் வந்தாள்.

“அவிய மேட்டுல நிக்காவளாம். தரகர் சொன்னாரு. நீ இன்னும் அந்தக் காத்தாடியக் கட்டிக்கிட்டு என்னட்டி செய்ய?”

“அஞ்சேகாலுக்குக் கெளம்பிருவேம்மா. வண்டில எட்டு நிமிசம்.”

“தலையக் கலைச்சுக்கிட்டு வந்து நிக்காத. காத்துல நின்னவ மாரி இருக்கக் கூடாது.”

“காத்துல நிக்கறவதானம்மா நான்.”

“அத இன்னைக்கு ஒரு நாளாவது மறந்து தொலை.”

மறக்க முடியாததுதான் சிக்கல். இதற்கு முன் மூன்று சம்பந்தங்கள் வந்தன, மூன்றும் ஒரே இடத்தில் முறிந்தன. கல்யாணத்துக்குப் பிறகு பெண் மலையை விட்டு இறங்க வேண்டும் என்றார்கள்; பிரமு இறங்க மாட்டேன் என்றாள். நாலாவதாக வந்தது இந்தச் சம்பந்தம். “பொண்ணு வேலைக்குப் போகட்டும், எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல” என்று தரகர் மூலம் அவர்களாகவே சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை குற்றாலிங்கம் ஒரே ஒரு தடவை போனில் நாலு நிமிடம் பேசினான். அதில் ஒரு நிமிடம், “மேல ஏறி நிக்கும்போது கோபுரம் ஆடுமா?” என்று கேட்டதற்குப் போனது. ஆடும் என்றாள். எவ்வளவு என்று கேட்டான். அவள் வேலையைப் பற்றி அளவு கேட்ட முதல் ஆள் அவன்தான்.

அவளுக்குச் சரி என்று சொல்ல ஆசையாக இருந்தது. தரகர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மெய்யா என்று தெரிந்தால் போதும்.

ஜன்னல் வழியே பார்த்தாள். மேட்டின் வேலியோரம் வெள்ளைச் சட்டை ஒன்று, பச்சைப் புடவை ஒன்று, வேட்டி ஒன்று. மேற்குக் காற்று அவர்கள் முதுகுப் பக்கமிருந்து வீசி, நேரே பதினாலாம் காற்றாலைக்கு வந்துகொண்டிருந்தது. சாலைக்கு மிக அருகில் நிற்பது அதுதான்.

காற்றாலையின் ஒவ்வோர் இறக்கைக்குள்ளும் முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை ஓடுகிறது. விரிசல் விழுவதற்கு முன்னால் இறக்கை முனகும். அந்த முனகலை இழை கேட்டுச் சொல்லும். அதற்காகத்தான் வைத்தார்கள். ஆனால் முனகல் கேட்கப் பழகிய காது மற்றதையும் கேட்டது. காற்று ஒத்துழைத்தால் மேட்டில் நின்று டீ குடிக்கிறவர்கள் பேசுவது அத்தனையும் இறக்கைக்கு விளங்கியது. அதைக் கண்டுபிடித்த மறு வருடமே சட்டம் வந்தது. மனிதக் குரலை மட்டும் அரித்து எறிகிற வடிகட்டி ஒன்று எல்லாக் காற்றாலையிலும் ஏறியது. விரிசல் சந்தேகம் வந்தால் மட்டும் காரணம் எழுதி அதைப் பத்து நிமிடம் திறக்கலாம். விரிசலைத் தவிர வேறு எதையாவது கேட்டதாகத் தெரிந்தால் வேலை போய்விடும்.

பிரமு இரண்டு வருடத்தில் ஒரு தடவை கூட அதைத் திறந்ததில்லை. இப்போது காரணம் எழுதும் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தாள்.

“என்ன எழுதுக?” என்றார் செல்வின். கயிற்றில் தொங்கி இறக்கைகளைச் சோதிக்கிறவர், நாகர்கோவில்காரர். மூலையில் உட்கார்ந்து கயிற்று முடிச்சுகளை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பதினாலுல விரிசல் சந்தேகம்ணே.”

“விரிசல் சந்தேகம்னு எழுதினா நாளைக்கு நான் ஏறிப் பாக்கணும். அது தெரியுமில்லா?”

“தெரியும்.”

அவர் எழுந்து வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “ஒனக்க சந்தேகம் வெள்ளை வேன்ல வந்துருக்கு போல.”

பிரமு திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“அந்த வடக்கு மலைக்காரன் கதை மறந்து போச்சா? வடிகட்டி வாறதுக்கு முன்னால அவன் ரூம்ல இருந்து கேட்டான். பஸ் ஸ்டாப்புல அவனுக்க தங்கச்சி குரல். யாரையோ ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணப் போறதா சிநேகிதிகிட்ட சொல்லுதா. இவன் வீட்டுல போயி சொல்லிட்டான். அவ படிப்ப நிறுத்தி வேற எடத்துல கட்டிக் குடுத்தாச்சு. இன்னைக்கு வரைக்கும் அவனோட ஒரு வார்த்த பேசல்ல. அவன் இப்போ ஒரு துணிக் கடையில நிக்கான். ஃபேன் போட்டா எந்திரிச்சு வெளிய போயிருவானாம்.”

“நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்லண்ணே.”

“கேட்டவனால சொல்லாம இருக்க ஒக்காது மக்கா. வாய் சொல்லல்லன்னா கை சொல்லும்.” அவர் தன் முடிச்சுக்குத் திரும்பிப் போனார். “நான் காதுல பஞ்சு வச்சாச்சு. நாளைக்கு ஏறிட்டு என்ன எழுதணும்? விரிசல் இருக்குன்னா, இல்லன்னா?”

“நாளைக்குச் சொல்லுதேன்” என்று பிரமு பொத்தானை அழுத்தினாள்.

முதலில் காற்று மட்டும் கேட்டது. பிறகு குரல்கள் வந்தன. துண்டு துண்டாகத்தான் வந்தன. ஓர் இறக்கை இறங்கும்போது ஏழெட்டு வார்த்தைகள், பிறகு ஒரு மூச்சு நேரம் வெறும் இரைச்சல், அடுத்த இறக்கை வந்ததும் மறுபடி வார்த்தைகள்.

“...நம்ம வீட்டுல யாரு ராகு காலம் பாத்தா? எங் கல்யாணமே எமகண்டத்துலதான் நடந்துச்சு” என்றது தடித்த ஆண் குரல் ஒன்று. தாய்மாமன் தளவாயாக இருக்க வேண்டும். “இந்த வண்டிக்கு யாருடே அந்த புத்தியக் குடுத்தது?”

“இருக்கட்டும் மாமா. காத்து நல்லாருக்கு” என்றது இளம் குரல். அதுதான் குற்றாலிங்கம். மற்ற இரண்டு குரல்களைவிட அவன் குரல் தெளிவாக இருந்தது. காற்றாலையைப் பார்த்து நின்று பேசுகிறவன் போலிருந்தது.

“அங்க கேசரி போட்டுருப்பாவ. நான் ரெண்டு கரண்டி வாங்குவேன். சுகர் கிகர்னு வாயத் தொறந்துராதக்கா.”

“நீ காபிலயாவது சீனி போடாம குடி” என்றாள் பச்சைப் புடவை. மாப்பிள்ளையின் அம்மா சொர்ணம்.

“சீனி இல்லாமக் கேட்டா சுகர்னு தெரிஞ்சிரும்லா.”

இரைச்சல். பிரமு சிரிப்பை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அடுத்த இறக்கை குற்றாலிங்கத்தின் குரலைக் கொண்டுவந்தது.

“யம்மா, அந்தப் பொண்ணு வேலைக்குப் போறதப் பத்தி நெஜமா நீ என்ன நெனைக்க?”

“அத எதுக்கு இப்பக் கேக்க?”

“சும்மா கேக்கேன். இங்க யாரு இருக்கா கேக்கதுக்கு.”

சொர்ணம் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஓர் இறக்கை வெறுமனே போயிற்று.

“ஆறு மாசம் ஒண்ணும் சொல்லக் கூடாது. போயிட்டு வரட்டும். பொறவு மெள்ள நிப்பாட்டிரணும். உத்தரத்துல பல்லி மாரி காத்தாடில தொங்குத பொண்ணு நமக்கு எதுக்கு?”

“அப்ப தரகர்ட்ட ஆட்சேபணை இல்லன்னு சொன்னது?”

“அது பேச்சுக்கு.”

பிரமுவின் கை வாயிலிருந்து மடியில் விழுந்தது. நாலாவது சம்பந்தமும் அதே இடத்துக்குத்தான் வந்து நின்றிருக்கிறது. பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் போயிருந்தது. மூடிவிடலாம் என்று நினைத்தாள். மூடவில்லை.

“நான் வேலைய விட்டத?” குற்றாலிங்கம் விடுவதாக இல்லை. “நான் ராஜினாமா குடுத்து நாப்பத்தோரு நாளாச்சு. அதையும் சொல்லணும்லா?”

“வாய மூடு. மாமா ரெண்டு கம்பெனில சொல்லி வச்சிருக்கான். வேலை கெடைக்கற வரைக்கும் நீ பழைய வேலையிலதான் இருக்க.”

“கேட்டா?”

“யாரு கேக்கப் போறா? பொண்ணு பாக்கப் போற எடத்துல பொண்ணு கேள்வி கேக்குமா?”

மாமா டீயை உறிஞ்சும் சத்தம் கூடத் துல்லியமாகக் கேட்டது. இறக்கை சுற்றியது. பிறகு குற்றாலிங்கம், யாரும் எதையும் கேட்காதபோதே, முன்னைவிட உரக்கச் சொன்னான்:

“எனக்குச் சீனிக் காபி எறங்காது. கருப்பட்டிக் காபின்னா உயிரு.”

“ஒனக்கா? ஏலே, எப்பயிருந்து...” என்று சொர்ணம் தொடங்கினாள். அந்த இறக்கை அதற்கு மேல் கொண்டுவரவில்லை. அடுத்தது வந்தபோது மாமா டீக்கடைக்காரரிடம் வேர்க்கடலை பழசா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வடிகட்டி தானாக மூடிக்கொண்டது.

“விரிசல் இருக்கா?” என்றார் செல்வின், முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல்.

“இருக்குண்ணே” என்றாள் பிரமு. “ஆனா இறக்கையில இல்ல.”

*

அவள் வீட்டில் பாலும் டிகாக்ஷனும் தயாராக இருந்தன. புடவை கட்டி, காற்றில் நிற்காதவள் போல் தலை வாரி, அடுப்படிக்குள் வந்து அவளே டம்ளர்களை வரிசையாக வைத்தாள். கூடத்தில் அப்பா, தளவாய் மாமாவிடம் மழை பெய்யாததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மணி ஆறு பத்து.

நடுவழியில் ஸ்கூட்டரை நிறுத்தி அவள் இரண்டு நிமிடம் யோசித்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் வாய், வேலையைத் தின்றுவிடும். அவர்களை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தால் உண்டு. அதற்கு மேல் அவளிடம் திட்டமில்லை.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரு டம்ளரில் சீனி போடாமல் விட்டாள். இன்னொன்றில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள்.

“யாரு கேட்டா கருப்பட்டி?” என்றாள் அம்மா.

“யாருக்காவது பிடிக்கும்மா.”

“பொண்ணு பாக்க வந்தவுகளுக்குக் கருப்பட்டியா? இல்லாத வீடுன்னு நெனைப்பாவ.”

அதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போய்விட்டாள்.

தளவாய் மாமா கேசரியில் இரண்டாவது கரண்டியை முடித்திருந்தார். காபியை ஒரு வாய் வைத்தவர் டம்ளருக்குள் பார்த்தார். பிறகு பிரமுவைப் பார்த்தார். மெள்ள மறுபடியும் குடித்தார். குற்றாலிங்கம் தன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனான். ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது அவன் முகத்தில் இருந்தது சந்தோஷமா, கலக்கமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாதியைக் குடித்தான்.

“உக்காரும்மா” என்றாள் சொர்ணம் அன்பாக. “மலையில வேலையாமே. தைரியந்தான்.”

“ஆமா அத்தை. கல்யாணத்துக்குப் பொறவும் போகலாம்னு நீங்க சொன்னதாத் தரகர் சொன்னாரு. அதக் கேட்டு அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.”

“பின்ன என்ன. தாராளமாப் போகட்டும்.”

“ஆறு மாசம் கழிச்சும் போலாம்லா?”

சொர்ணத்தின் கையிலிருந்த டம்ளர் தட்டில் இறங்கியது.

“ஆறு மாசம்னு ஏன் சொல்லுத?”

வாய் சொல்லிவிட்டது. செல்வின் அண்ணன் சொன்னது சரி. ஆனால் பின்வாங்கவும் இடமில்லை.

“அது பேச்சுக்கு அத்தை” என்றாள்.

தளவாய் மாமாவுக்குப் புரையேறியது. சொர்ணம் தம்பியை முறைத்தாள், மகனை முறைத்தாள். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பிரமுவின் அப்பா ஒன்றும் புரியாமல் சிரித்த முகத்தோடு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆறு மாசம் என்ன, அறுபது வருசம் போகட்டும்” என்று சொர்ணம் கடைசியில் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையையும் பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கி வைத்தாள். “நான் சொன்னாச் சொன்னதுதான்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்லா” என்றார் அப்பா பெருமையாக.

பிரமு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு மிச்சமிருந்த கேள்விதான் முக்கியமானது. அவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க இப்ப எங்க வேலை பாக்கீங்க?”

மாமா இருமத் தொடங்கினார். சொர்ணம், “அது வந்து, பெரிய கம்பெனி...” என்றாள்.

“எங்கயும் இல்ல” என்றான் குற்றாலிங்கம். “விட்டு நாப்பத்தோரு நாளாச்சு.”

அப்பாவின் சிரிப்பு சுருங்கியது. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பிரமு மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. மேட்டில் நின்று சொன்ன அதே எண்ணிக்கை. ஒரு நாள் கூடக் குறைக்கவில்லை.

“ரெண்டு பேரும் ஒரு அஞ்சு நிமிசம் மாடில பேசிட்டு வாங்க” என்றார் தளவாய் மாமா அவசரமாக. கீழே பேச வேண்டியது அவருக்கு நிறைய இருந்தது.

*

மொட்டை மாடியிலிருந்து இருபத்திரண்டு காற்றாலைகளும் தெரிந்தன. வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. குற்றாலிங்கம் பாதி டம்ளரோடு மேலே வந்திருந்தான்.

“ரோட்டுக்குக் கிட்ட இருக்கது பதினாலுதான?” என்றான்.

“ஆமா.” அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வரைபடம் பாத்துருக்கேன். பழைய வேலையில.”

“என்ன வேலை? பயோடேட்டாவுல மென்பொருள்னு மட்டுந்தான் போட்டிருந்துச்சு.”

“சத்தத்துலேருந்து மனுசக் குரல மட்டும் அரிச்சு எடுக்கற வேலை. காத்தாலைகளுக்கு.”

அந்த வடிகட்டி. அதை எழுதியவன் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். அதை எப்போது திறக்கலாம், என்ன காரணம் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்திருக்கும்.

“ஏன் விட்டீங்க?”

“அரிச்சுத் தூரப் போடறதுக்குத்தான் எழுதினேன். இப்ப எடுத்து வச்சு விக்கலாம்ங்காவ. மேட்டுல நின்னு ஒருத்தன் முழங்கால் வலிக்குன்னு சொன்னா, அவன் கீழ இறங்கறதுக்குள்ள தைலக்காரன் போன் பண்ணணும். என்னால ஆகாதுன்னு வந்துட்டேன்.” டம்ளரைக் கையில் உருட்டினான். “எங்கம்மா கெட்டவ இல்ல. ஆனா நாலு பேரு இருக்க எடத்துல ஒரு வார்த்த உண்மையா வராது. மேட்டுல நின்னா வரும். காத்துல நின்னா எல்லாரும் மனசு விட்டுப் பேசிருதாவ.”

பிரமு அந்த வெள்ளை வேனை நினைத்தாள். ராகு காலம் பார்க்காத குடும்பத்தின் வேனில் யாரோ தொட்டு வைத்த விருப்பத்தையும், “இங்க யாரு இருக்கா கேக்கதுக்கு” என்ற குரலையும் நினைத்தாள்.

“நான் ஒண்ணும் கேக்கல” என்றாள். இரண்டாவது அர்த்தத்துக்கு இடமில்லாமல், கறாராகச் சொன்னாள். “பதினாலுல விரிசல் சந்தேகம் இருந்துச்சு. பாத்தேன். அவ்வளவுதான்.”

“அதான். நானும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீங்க ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். சொன்னா வேலை போயிரும். அந்த விதிய எழுதின கூட்டத்துல நானும் இருந்தேன்.”

அவன் டம்ளரை உயர்த்தி மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தான். முகம் கோணியது. கண்ணில் நீரே வந்துவிட்டது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். அவளுக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்தது.

“இதுக்கா இவ்வளவு மொகம் சுளிக்கீங்க? கருப்பட்டிக் காபின்னா உங்களுக்கு உயிர்தான?”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் நாக்கைக் கடித்தாள்.

தூரத்தில் பதினாலாம் காற்றாலை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குற்றாலிங்கம் காலி டம்ளரைச் சுவரின் மேல் கவிழ்த்து வைத்தான்.

“சின்ன வயசுலேருந்து எனக்குக் கருப்பட்டி வாசனையே ஆகாது” என்றான்.